தாழ்த்தி வைத்த நாற்காலி

அன்புள்ள கொக்குக்கு,

பட்டப்பெயரில் கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. தன்னைவிட ஒரு முழம் உயரமாக ஒரு பெண்ணை வளர்த்துவிட்டு உன் அம்மா வைத்த பெயர் அது. இனி அதை மாற்ற என்னால் ஆகாது. நான் நன்றாக இருக்கிறேன். வீடு நன்றாக இருக்கிறது. அலங்காரக் கடையும் நடக்கிறது. உன் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை.

போனில் பேசினால் ஆகாதா, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் யார் கையில் இருக்கிறது? நீ கூப்பிட்டதும் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு வார்த்தை கூடப் பேசிவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு இதற்கு உதவாவிட்டால் வேறு எதற்கு உதவப் போகிறது?

பாலம் எந்த மட்டில் இருக்கிறது? ஆற்றின் இரண்டு பக்கமிருந்தும் கட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்ப்பீர்கள், ஒரு விரல் அகலம் விலகினாலும் விடமாட்டீர்கள் என்று நீ சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரி, "உங்க பேத்தி அங்க என்ன, நட்டு முடுக்குறாளா?" என்று கேட்டாள். "முடுக்குறவங்களை நிக்க வச்சு வேலை வாங்குறா" என்றேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் இருக்கட்டும். என் பேத்தியைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

வெயில் தொடங்கிய சமயம் உன் அம்மா கடையில் வழுக்கி விழுந்தாள் அல்லவா? 'லேசான சுளுக்கு' என்று உன்னிடம் சொன்னாள். அது சுளுக்கு இல்லை. வலது தோளில் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு அதிகம் விலகவில்லை, தானே கூடிவிடும் என்று கையைத் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டி அனுப்பினார்கள். ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் வந்து மறுபடி படம் எடுக்க வேண்டும், எலும்பு நகர்ந்திருந்தால் அப்போதே சரி செய்ய வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் கடையில் வரிசையாகக் கல்யாணப் பெண்கள். "அவங்க கல்யாணத்தை என் தோளுக்காகத் தள்ளி வைப்பாங்களா அத்தை?" என்றாள். இடது கையாலேயே அத்தனை பேருக்கும் அலங்காரம் செய்து அனுப்பினாள். அதற்குள் வலி குறைந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது என்று அவளே தீர்ப்புச் சொல்லித் தூளியை அவிழ்த்துப் போட்டாள். கூடியது உண்மைதான். கூடின இடம்தான் தப்பு.

எனக்கும் அப்போது தெரியாது. முதலில் கண்ணில் பட்டது கொல்லையில் துணி காயப்போடும் கயிறு. ஒரு நாள் காலையில் ஈரப் போர்வை என் முகத்தில் வந்து அறைந்தது. கயிறு தொய்ந்துவிட்டது போல என்று இழுத்து உயர்த்திக் கட்டினேன். மறுநாள் மறுபடி தாழ இருந்தது. மறுபடி உயர்த்தினேன். மறுபடி தாழ்ந்தது. இப்படியே அவள் ஒன்றும் சொல்லாமல், நான் ஒன்றும் கேட்காமல், அந்தக் கயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் கடையின் பின்கதவு வழியாகப் பார்த்தேன். தனியாக இருந்தாள். தன் தலையை வாரிக்கொண்டிருந்தாள். எப்படித் தெரியுமா? குனிந்து, தலையை முழங்கால் வரைக்கும் கொண்டுபோய், முடியை முன்னால் தொங்கவிட்டு. கை தலைக்குப் போகவில்லை, அதனால் தலை கைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் முடி அலங்காரம் செய்கிறவள்.

அதன் பிறகுதான் கடை நாற்காலியைப் பார்த்தேன். காலால் மிதித்தால் ஏறும், இறங்குமே, அதேதான். அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. வாடிக்கைக்காரிகள் எல்லோரும் அதில் ராணிகள் மாதிரி சாய்ந்து சரிந்து உட்கார்ந்திருப்பார்கள். என்ன சொகுசு என்று நானே நினைத்ததுண்டு. நேராகக் கேட்டேன். மார்பு மட்டத்துக்கு மேல் கை ஏறவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நாற்காலி இறங்குது இல்ல அத்தை? அப்புறம் கை எதுக்கு ஏறணும்?"

பெரிய எலும்பு டாக்டரம்மாவிடம் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பார்த்த உடனே, தப்பாகக் கூடின இடத்தை வெட்டி, சரியான இடத்தில் வைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட வேண்டும் என்றார். யோசிக்கிறேன் என்றாள் உன் அம்மா. படி இறங்கும்போதே யோசித்து முடித்துவிட்டாள். வேண்டாமாம். உன்னிடம் மூச்சு விடக் கூடாதாம். பாலம் சேரப் போகிற நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம்.

ஓடி வராதே. அவளிடம் கேட்டும் வைக்காதே. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இரும்பில் பிளேட் வைத்து முடுக்குகிறவர்கள் நீங்கள். உயிருள்ள எலும்பில் அது பிடிக்குமா? டாக்டரம்மாவிடம் வேறு என்னென்ன கேட்க வேண்டும்? என் பெயர் போட்டே எழுது. தபால்காரர் என் கையில்தான் கொடுப்பார்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
உன் பாட்டி

* * *

என் கொக்குக் கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க என்னைத் திட்டியிருக்கிறாய். திட்டு, உரிமை உண்டு. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அம்மாவைக் கேட்காமல் இருந்தாயே, அது போதும்.

நீ கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டேன். 'படத்தை விளக்கச் சொல்லிக் கேட்டுட்டு வரலாம், ஆபரேஷன் பேச்சே இல்லை' என்று நல்ல வார்த்தை சொல்லித்தான் உன் அம்மாவை மறுபடி கூட்டிப் போனேன். இந்த முறை சுழலும் மெஷினில் படுக்க வைத்து வேறு விதமான படம் எடுத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் உன் அம்மாவின் தோளை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். தோள் என்பது ஒரு பந்து, அதற்கு மேலே ஒரு கூரை. பந்தின் ஓரத்தில் ஒரு மேடு. கையைத் தூக்கும் தசை அந்த மேட்டைத்தான் பிடித்திருக்கிறது. விழுந்தபோது அந்த மேடு உடைந்து, மேலே ஏறிப் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையைத் தூக்கினால் மேடு போய்க் கூரையில் முட்டுகிறது. "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, நிலைப்படியில தலை முட்டுவா. அந்த மாதிரியா?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதே மாதிரிதான். ஆனா உங்க பேத்தி குனியலாம், எலும்பு குனியாது" என்றார்.

பிளேட் பற்றி நீ கேட்டதற்குப் பதில்: பிளேட் எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கப் போவதில்லை. எலும்பு கூடும் வரைக்கும் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கூடிய பிறகு எலும்பே தன்னைத் தாங்கிக்கொள்ளும். நீங்கள் கட்டுகிற சாரம் மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். என் பேத்தி பாலம் கட்டுகிறாள் என்று அங்கேயும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் எப்படி விளக்குவது?

கெட்டது பற்றியும் கேட்கச் சொன்னாய், கேட்டேன். டாக்டரம்மா மறைக்கவில்லை. தோள் சதைக்கு உயிர் கொடுக்கும் நரம்பு ஒன்று வெட்டப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பந்துக்குப் போகும் ரத்தமும் குறையலாம். "பழைய தோளைத் திருப்பித் தர்றேன்னு சொல்ல மாட்டேன். இப்ப இருக்கறதைவிட நல்லா வரும். கை தலைக்கு மேல போக நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போடப் போட சதை சுருங்கிடும், எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்" என்றார்.

உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இப்ப மார்பு வரைக்கும் தூக்குறேனே டாக்டர், அதுவும் போயிருமா?"

"ரொம்ப அபூர்வமா அப்படியும் ஆகலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பாதிக் கை இருக்கு அத்தை. பாதிக் கையை வச்சு ஒரு கடையை நடத்தறேன், பொண்ணு படிப்பும் முன்னாடியே முடிஞ்சுது. அந்தப் பாதியையும் கொண்டுபோய் ஆபரேஷன் மேஜையில வைக்கச் சொல்றீங்களா?" என்றாள். உன் அப்பா போன பிறகு அந்தக் கைதானே இந்த வீட்டை நிமிர்த்தியது. பஸ் வந்தது. ஏறினோம். மேலே இருக்கும் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது பக்கம் நான் நின்றுகொண்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தையல்காரி முடியவிடவில்லை. டாக்டரம்மா சொன்னதை நான்தான் அவளிடம் உளறிவைத்திருந்தேன்.

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். நான் ஒரு மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரி முடி வெட்டிக்கொள்ள வந்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு மெல்லச் சரிந்தாள், சரிந்துகொண்டே போனாள், கழுத்து நாற்காலி முதுகில் படும் வரைக்கும் சரிந்து, முழங்கால் கண்ணாடியில் இடிக்கக் கிடந்தாள். உன் அம்மா வெட்டி முடித்தாள். "ஆச்சு, எழுந்திரிங்க" என்றாள். எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. "ஐயோ அம்மா" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். உன் அம்மாவுக்குக் கோபம். "நேரா உட்கார்ந்தா என்ன? யாரு இப்படிச் சரியச் சொன்னது?"

"யாரும் சொல்லலடி. உனக்காகத்தான் சரிஞ்சேன்!" என்று கத்தினாள் தையல்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

அடுத்ததாகக் காத்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் மாசக்கணக்கா கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டுத்தான் உட்கார்றேன்மா. கழுத்து வலிக்குதுன்னு போனா, தலையணையை மாத்துங்கன்னு சொல்றார் எங்க டாக்டர்" என்றார். வாசல் பக்கம் இருந்த மருந்துக்கடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளும்தான் போலிருக்கிறது.

உன் அம்மா கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெருவே தெரிஞ்சுதான் சரியுது. நீ ஒருத்திதான் நாற்காலி இறங்குதுன்னு நினைச்சுட்டு இருக்கே" என்றாள் தையல்காரி. "இனிமே என் இடுப்பு தாங்காது. போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வா. வந்து நேரா உட்கார வச்சு வெட்டு. அதுவரைக்கும் நான் முடி வளர்த்துக்கிறேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் ரோஷம் உனக்குத் தெரியாதா? அழவில்லை, சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, மிதியை மிதித்துப் பார்த்தாள். ஏறவில்லை. அவ்வளவு நாளாக இறங்கியே கிடந்ததால் மிதி இறுகிப்போயிருந்தது. மறுநாள் காலை டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "தேதி கேளுங்க அத்தை" என்றாள்.

தேதி வாங்கிவிட்டோம். அடுத்த புதன்கிழமை. எல்லாம் முடிந்த பிறகுதான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே உனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை எப்போதும்போலப் போன் பண்ணு. கேம்ப் சாப்பாடு சரியில்லை என்று எப்போதும்போலக் குறை சொல். குரல் உடைகிற மாதிரி இருந்தால், லைன் சரியில்லை என்று வைத்துவிடு.

தைரியமாக இருக்கும்,
உன் பாட்டி

* * *

என் செல்லக் கொக்குக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அன்றைக்கே உன் அம்மா போனில் சொன்னாளே, அது உண்மை. ஆனால் முழு உண்மையும் அவள் சொல்ல மாட்டாள் என்று உனக்கும் தெரியும். மூச்சுப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதலாம்.

அன்று முற்பகல் முழுவதும் ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான நடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தையல்காரி. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு வந்து எனக்குத் தைரியம் சொன்னாள். டாக்டரம்மா வெளியே வந்து, எலும்பை வெட்டி, மேட்டைக் கீழே இறக்கிச் சரியான இடத்தில் வைத்தாயிற்று, பந்துக்கு ரத்த ஓட்டம் நன்றாகத் தெரிகிறது என்றார். தழும்பு பிடித்து ஒட்டிக்கிடந்த சதையையும் விடுவித்தாராம். வணங்கினேன்.

மறுநாள்தான் பயம் வந்தது. டாக்டரம்மா பஞ்சை எடுத்துத் தோளின் வெளிப்பக்கம் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். உன் அம்மா தெரியவில்லை என்றாள். அந்த நரம்புதான். வெட்டுப்படவில்லை, இழுபட்டிருக்கும், பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. 'அபூர்வமா' என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தோம். தினமும் காலையில் சீப்பின் வால் முனையால் அந்த இடத்தைத் தொட்டு, தெரியுதா என்று கேட்பேன். இல்லை என்பாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அதுவும் இல்லை. நான் தொடுவேன், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று எனக்குள் அரித்தது. நான்தானே இழுத்துக்கொண்டு போனேன்.

இதற்கு நடுவில் பயிற்சியை விடக் கூடாது. அதில் ஒரு சட்டம் உண்டு. எலும்பு கூடும் வரை அவளாகக் கையைத் தூக்கவே கூடாது, மேட்டைப் பிடித்திருக்கும் சதை இழுத்துவிடுமாம். ஆனால் தூக்காமலே இருந்தால் தோள் இறுகிவிடும். அதனால் இன்னொருவர்தான் தூக்கி இறக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தம்பி, "கையைச் சுத்தமா விட்டுடுங்கம்மா, உங்க மாமியார் கையில கொடுத்துடுங்க" என்றார். "அதுதான் கஷ்டம்" என்றாள் உன் அம்மா. வலியிலும் வாய் குறையவில்லை பார். ஆனால் கையைக் கொடுத்தாள். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கை எவ்வளவு கனம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தலையும் நான்தான் வாரிவிட்டேன். எனக்கு அவள் அளவுக்கு வருமா? கோணல், இழுக்குறீங்க, அது வகிடா இல்ல ஆறா என்று ஆயிரம் குறை. ஒரு நாள் காலையில் முன்முடியைக் கொஞ்சம் கத்தரித்துவிடச் சொன்னாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவள் மேற்பார்வை பார்க்க, நான் வெட்டினேன். துண்டு சரியாகப் போர்த்தவில்லை. வெட்டின முடி தோளில் கொட்டியது.

"அத்தை, முடி குத்துது" என்றாள்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது கையால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, வலது தோளைக் காட்டினாள். இத்தனை வருஷம் கடையில் 'முடி குத்துது' என்று யார் சொன்னாலும் பட்டென்று தட்டிவிடுகிறவள், அன்றைக்கு அந்த முடியைத் தட்டவிடவில்லை. கொஞ்ச நேரம் குத்தட்டும் என்றாள். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன். அவளும்தான். இதை நான் எழுதியதாக அவளிடம் சொல்லாதே.

அதன் பிறகு தோள் சதை மெல்ல மெல்ல உயிர் பெற்றது. புதிய படத்தில் எலும்பு கூடிவிட்டது என்று தெரிந்தது, இந்த முறை கூட வேண்டிய இடத்தில். அவளாகத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவுக்கு மேலே கப்பியும் கயிறும் மாட்டி, காலையும் மாலையும் இழுக்கிறாள். இப்போது கை நெற்றி வரை ஏறுகிறது. நெற்றிக்கு மேலே கொஞ்சம் நடுங்குகிறது, நிற்கிறது, இறங்கிவிடுகிறது. இன்னும் மாதங்கள் ஆகும், கடைசிக் கொஞ்சம் வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. கடையில் பாதி நேரம் வேலை செய்கிறாள். மிதிக்கு எண்ணெய் விட்டு நாற்காலியைப் பாதி உயரத்துக்கு ஏற்றியாயிற்று. தையல்காரி முடியை வளர்த்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறாள். முழுசா ஏறின பிறகுதான் உட்காருவாளாம்.

உனக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று உன் அம்மாவுக்கும் தெரியும். நேற்றுதான் சொன்னாள். "அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டைக் குறை சொன்னாளே, குழம்புக்கு யாராவது அப்படி மூக்கை உறிஞ்சுவாங்களா?" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. உன் ஆற்றுப் பாலம் எப்போது சேரும் என்று மட்டும் கேட்டாள். நீ எழுதியபடி இந்த மாதக் கடைசியில் என்றேன். அப்புறம் லீவு கொடுப்பார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை கொல்லைக்குப் போனேன். துணிக் கயிறு ஒரு சாண் உயர்ந்திருந்தது. நான் கட்டவில்லை.

கொக்கே, உன்னை வா என்று உன் அம்மா சொல்ல மாட்டாள். நானும் சொல்லவில்லை. உன் வேலை பெரிய வேலை, அதை முடித்துக் கொடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதை மட்டும் செய். அங்கே எவரிடமும் முடி வெட்டிக்கொள்ளாதே. கண்ணில் விழுந்தாலும் ஹெல்மெட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள், வளரட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தத் தெருவிலேயே யாருடையதையும்விட உயரத்தில் இருக்கும் தலை உன்னுடையது. அன்றைக்கு அவள்மேல் இரக்கப்பட்டுச் சரிந்துவிடாதே. கழுத்தை உள்ளே இழுக்காதே. நிமிர்ந்து உட்கார். அவள் கை அங்கே வந்து சேரும்.

குறைவில்லாமல், என்றும் நிமிர்ந்தே இரு என்று வாழ்த்தும்,
உன் பாட்டி